இறங்கினால்தான் கணக்கு: போர் விமான சிமுலேட்டர்களில் தரையிறக்கமும் புள்ளிகளும்

ஒரே பறப்பில் மூன்று எதிரி விமானங்களை நான் முதன்முதலாக வீழ்த்திய நாள் நன்றாக நினைவிருக்கிறது. எரிபொருள் முள் அடிமட்டத்தில் கிடந்தது. இடது இறக்கையில் ஓட்டைகள். ஓடுபாதைக்கு நேராக வந்து சேர முடியவில்லை. அதன் ஓரத்துப் புல்வெளியில் பூப்போல இறக்கி நிறுத்தினேன். பெருமூச்சு விட்டபடி பறப்பை முடிக்கும் பொத்தானை அழுத்தினேன். திரையில் வந்த வரியில் 'தரையிறங்கினார்' என்ற சொல் இல்லை. 'டிட்ச்' என்று இருந்தது. மனக்கணக்கில் நான் போட்டுவைத்திருந்த புள்ளிகளில் பெரும்பகுதியைக் காணவில்லை. விமானத்தின் சக்கரத்துக்கும் ஓடுபாதையின் விளிம்புக்கும் இடையே ஒரு லாரியின் நீளம்தான் இருந்திருக்கும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

அன்று எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம், அதுவரை நான் செய்ததிலேயே மிருதுவான தரையிறக்கம் அதுதான். ஆனால் மிருதுவாக இறங்கினேனா என்று விளையாட்டு கேட்கவே இல்லை. அது கேட்டவை வேறு மூன்று: விமானம் எங்கே நிற்கிறது? எந்த நிலையில் நிற்கிறது? விமானி யாருடைய மண்ணில் இருக்கிறார்? பெரும்பாலான இணையப் போர் விமான சிமுலேட்டர்களின் புள்ளிக் கணக்கு இந்த மூன்றில்தான் சுழல்கிறது. இது புரியாமல் ஆறு மாதம் பறந்தவர்களையும் எனக்குத் தெரியும். நானே அவர்களில் ஒருவன்.

முதலில், இறங்குவதற்கு எதற்காகப் புள்ளி என்ற கேள்வியைப் பார்த்துவிடலாம். சண்டைதானே விளையாட்டு? எதிரியை வீழ்த்தினால் போதாதா?

போதாது என்பதை இந்த வகை விளையாட்டுகள் பிறந்த காலத்திலேயே கண்டுகொண்டார்கள். 1980களின் பிற்பகுதியில் ஜீனி என்ற கட்டண இணையச் சேவையில் ஏர் வாரியர் வந்தது. விளையாடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பணம் கட்ட வேண்டியிருந்தது. 1995இல் வார்பேர்ட்ஸ், 2000இல் ஏசஸ் ஹை, 2001இல் ஐஎல்-2 ஸ்டுர்மோவிக், 2012இல் வார் தண்டர் என்று வரிசை நீண்டது. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த சிக்கல் ஒன்றே: திரையில் சாவதற்கு வலி கிடையாது. விமானம் நொறுங்கினால் ஒரு பொத்தான், அடுத்த விமானம் தயார். அப்படி இருக்கும்போது எவரும் உயிரைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள். நேருக்கு நேர் மோதுவார்கள். தோட்டா தீர்ந்தால் எதிரி மீதே போய் விழுவார்கள். நிஜ விமானிகள் செய்த எந்தத் தந்திரத்துக்கும், அதாவது உயரத்தைச் சேமிப்பது, சண்டையை விட்டு விலகுவது, அடிபட்ட நண்பனுக்குத் துணையாக வீடு திரும்புவது ஆகியவற்றுக்கெல்லாம், அங்கே மதிப்பே இருக்காது.

உயிருக்கு விலை இல்லாத இடத்தில் ஏதாவது ஒரு விலையை வைத்தாக வேண்டும். அதற்கு வடிவமைப்பாளர்கள் கண்ட எளிய வழி, சம்பாதித்ததில் ஒரு பங்கைப் பிடித்துவைத்துக்கொண்டு, வீடு வந்து சேர்ந்தால் மட்டும் கொடுப்பது. வானத்தில் நீங்கள் எடுத்தது வெறும் வரவு எழுத்து. தளத்தில் இறங்கி நின்ற பிறகுதான் அது கைக்காசு.

எல்லா விளையாட்டும் இதைச் செய்வதில்லை. வார் தண்டரில் ஆர்கேட் என்ற எளிய முறையில் தோட்டாக்கள் பறக்கும்போதே தானாக நிரம்பிவிடும். அங்கே தரையிறக்கம் பெரும்பாலும் தேவையற்ற சடங்கு. அதே விளையாட்டின் ரியலிஸ்டிக் முறைக்கு வந்தால் தோட்டா நிரப்பவும் பழுது பார்க்கவும் தளத்தில் இறங்கி நின்றாக வேண்டும். ஆக, எந்த விளையாட்டுக்குள் நுழைந்தாலும், எந்த சர்வரில் சேர்ந்தாலும், முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இங்கே தரையிறக்கத்துக்கு மதிப்பு உண்டா என்பதுதான். அறிவிப்புப் பலகையில் எழுதியிருப்பார்கள். படிக்காமல் பறப்பவர்களே அதிகம்.

பறப்பு முடியும் விதங்கள்

ஒரு பறப்பை, அதாவது ஒரு சார்ட்டியை, விளையாட்டு எப்படி முடித்து எழுதுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பெயர்கள் விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். உள்ளே இருக்கும் வகைகள் ஏறக்குறைய ஒன்றுதான்.

சிறந்த முடிவு, முறையான தரையிறக்கம். உங்கள் அணியின் தளம், அந்தத் தளத்தின் ஓடுபாதை அல்லது அதற்கென வரையறுக்கப்பட்ட பகுதி, விமானம் முழுதாக நின்றிருப்பது என்ற மூன்றும் கூடி வர வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் கீழ்ப்படிக்குத் தள்ளிவிடுவார்கள். விளையாட்டின் கண்ணுக்கு ஓடுபாதை என்பது வரைபடத்தில் கோடு போட்டு வைத்த ஒரு பரப்பு. அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றால், தளத்தின் வேலிக்குள்ளேயே இருந்தாலும் வெளிதான். என் புல்வெளிக் கதை இதனால் நடந்ததுதான். சில விளையாட்டுகள் தளத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு அதற்குள் எங்கே நின்றாலும் ஏற்றுக்கொள்கின்றன. எது எப்படி என்பதை, தோட்டா எதுவும் சுடாத ஒரு வெற்றுப் பறப்பில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

அதற்கு அடுத்தது டிட்ச். தளத்துக்கு வெளியே வயலிலோ சாலையிலோ நீரிலோ விமானத்தை இறக்கி, விமானி பிழைத்திருப்பது. உயிர் மிச்சம், விமானம் போச்சு. புள்ளிகளில் ஒரு பகுதி கிடைக்கும். சக்கரத்தை நீட்டாமல் வயிற்றால் ஓடுபாதையில் சறுக்கி நிற்பதைச் சில இடங்களில் முறையான தரையிறக்கமாகவே ஏற்பார்கள். சில இடங்களில் டிட்ச்தான்.

பாராசூட்டில் குதிப்பது இன்னும் ஒரு படி கீழே. இதிலும் டிட்ச்சிலும் புதியவர்கள் கவனிக்கத் தவறுவது, காலடியில் இருக்கும் மண் யாருடையது என்பதை. உங்கள் அணியின் எல்லைக்குள் விழுந்தால் விமானி பிழைத்தார் என்று எழுதுவார்கள். எதிரியின் எல்லைக்குள் என்றால் சிறைபிடிக்கப்பட்டார். பல கணக்கு முறைகளில் சிறைபிடிப்பு கிட்டத்தட்ட மரணத்துக்குச் சமம். இதனால்தான் அனுபவசாலிகள் இன்ஜின் நின்ற பிறகும் மிதந்து மிதந்து போர் எல்லையைத் தாண்டும் வரை கதவைத் திறப்பதில்லை. எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் நூறு மீட்டர் வந்து குதித்தால்கூடக் கணக்கு மாறிவிடும்.

மரணத்தைப் பற்றி விளக்கம் தேவையில்லை. அதன் மற்றொரு உருவம் தொடர்பைத் துண்டித்துக்கொள்வது. தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் கணினியின் இணைப்பைப் பிடுங்குகிறவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். எனவே பறக்கும்போது தொடர்பு அறுந்தால் மரணம் அல்லது அதற்கு ஈடான தண்டனை என்று பல சர்வர்கள் வைத்துவிட்டன. வீட்டில் மின்சாரம் போனாலும் இதே கதிதான். சர்வருக்கு உங்கள் நேர்மையை அறியும் வழி இல்லை.

எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். எந்த விளையாட்டின் விதியும் இது இல்லை, விளக்கத்துக்காக நானே போட்டது: ஒரு வெற்றிக்கு 100 புள்ளி. முறையாக இறங்கினால் முழுதும் உங்களுக்கு. டிட்ச் என்றால் பாதி. குதித்துப் பிழைத்தால் 40 சதவீதம். சிறைபட்டாலோ இறந்தாலோ 25. மூன்றை வீழ்த்திவிட்டு இறந்தவருக்கு 75 கிடைக்கிறது. ஒன்றை மட்டும் வீழ்த்திவிட்டு நேராக வீடு திரும்பியவருக்கு 100. மூன்று சண்டையில் வென்றவரைவிட ஒரு சண்டையோடு திரும்பியவர் பட்டியலில் மேலே நிற்கிறார். இது நியாயமா என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். ஆனால் நான்காவது எதிரி கண்ணில் பட்டதும் 'போகட்டுமா, திரும்பட்டுமா' என்று உங்களை ஒரு நொடி யோசிக்க வைக்கிறது அல்லவா? அந்த ஒரு நொடிக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

புள்ளி ஒன்றே விலை இல்லை. தொடர் வெற்றி என்று ஒரு கணக்கு உண்டு: சாகாமல் அடுத்தடுத்த பறப்புகளில் எத்தனை வீழ்த்தினீர்கள் என்பது. இறந்தால் அது பூஜ்யத்துக்குத் திரும்பும். ஏசஸ் ஹையில் இரண்டோ அதற்கு மேலோ வீழ்த்திவிட்டு இறங்கினால், இன்னார் இந்த விமானத்தில் இத்தனை வெற்றிகளோடு இறங்கினார் என்று எல்லோர் திரையிலும் ஒரு வரி ஓடும். அதற்குக் காசு மதிப்பு எதுவும் இல்லை. அந்த ஒற்றை வரிக்காக, புகை கக்கும் இன்ஜினோடு வரைபடத்தின் பாதியைத் தாண்டி வந்தவர்கள் உண்டு. அதே விளையாட்டில் மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட் போன்ற சிறப்பு விமானங்களைச் சேர்த்துவைத்த புள்ளிகளைக் கொடுத்துத்தான் எடுக்க முடியும். பத்திரமாகக் கொண்டுவந்து இறக்கினால் அந்த விலை உங்கள் கையைவிட்டுப் போவதில்லை; தொலைத்தால் போனது போனதுதான். டிசிஎஸ் வேர்ல்ட் என்ற மற்றொரு சிமுலேட்டரில் சர்வர் நடத்துபவர்கள் சிலர் உயிர்களையே முன்பணமாக ஆக்கியிருக்கிறார்கள். புறப்படும்போது ஓர் உயிரைப் பிடித்துக்கொள்வார்கள், நட்புத் தளத்தில் இறங்கியதும் திருப்பித் தருவார்கள். தீர்ந்துவிட்டால் அன்றைக்கு வேடிக்கை பார்க்கலாம்.

வெற்றி யாருக்கு?

இறங்கும் விதிகளின் மறுபக்கம் இது. நீங்கள் ஒருவரின் விமானத்தைச் சல்லடையாக்கிவிட்டீர்கள். அவர் தப்பித்து, தன் தளத்தை நோக்கி இழுத்துக்கொண்டே போய், ஓடுபாதைக்கு முந்தைய மரத்தில் மோதினார். நீங்கள் அப்போது 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறீர்கள். வெற்றி யாருக்கு?

பெரும்பாலும் உங்களுக்கே. அடித்த சேதத்தை விளையாட்டு நினைவில் வைத்திருக்கும். அவர் ஒழுங்காக இறங்கியிருந்தால் அந்தச் சேதம் கணக்கிலிருந்து அழிந்திருக்கும், அல்லது வெறும் சேதப் புள்ளியாக நின்றிருக்கும். இறங்கத் தவறியதால் முழு வெற்றியாக மாறிவிட்டது. பலர் சேர்ந்து அடித்திருந்தால் அதிகச் சேதம் செய்தவருக்கு என்பது ஒரு முறை, கடைசியாக அடித்தவருக்கு என்பது இன்னொரு முறை, பங்கு பிரித்துத் தருவது மூன்றாவது. இந்த இடத்தில் நடக்கும் வாய்ச்சண்டை வானத்துச் சண்டையைவிடக் கடுமையாக இருக்கும்.

தோட்டாவே படாமல் வெற்றி கிடைப்பதும் உண்டு. துரத்தப்பட்டவர் பதற்றத்தில் மலையில் மோதினால், அருகிலிருந்த எதிரிக்கு அந்த வெற்றி எழுதப்படும். இதனால் எதிரி நெருங்கியதும் பாராசூட்டில் குதித்து 'நான் தோற்கவில்லையே' என்று சொல்ல வழியில்லாமல் போகிறது.

ஓடுபாதைக்கு மேல் வட்டமிடும் கழுகுகள்

தரையிறங்கும் விமானத்தைப் போல எளிய இரை வானத்தில் கிடையாது. வேகம் குறைவு, உயரம் குறைவு, சக்கரமும், இறக்கையின் பின்விளிம்பில் கீழே விரியும் ஃபிளாப்பும் நீட்டியிருக்கும், திரும்ப முடியாது, விமானியின் கண் ஓடுபாதையில் இருக்கும். இதை விளையாட்டுக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டத்தில் ஜெர்மனியின் ஜெட் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 262ஐ நேர்ப் பறப்பில் எட்டிப்பிடிக்க நேச நாட்டுப் போர் விமானங்களால் முடியவில்லை. எனவே அது தளத்துக்கு இறங்கும் நேரத்துக்காகக் காத்திருந்தார்கள். பிற்காலத்தில் ஒலியின் வேகத்தை மிஞ்சிப் புகழ்பெற்ற சக் யேகர், 1944 நவம்பர் 6 அன்று அப்படி இறங்கிக்கொண்டிருந்த ஒரு 262ஐத்தான் வீழ்த்தினார். 1945இல் ஜெர்மன் விமானப்படைத் தளபதி அடால்ஃப் கால்லாண்டின் ஜேவி 44 ஜெட் பிரிவுக்கு, புறப்படும்போதும் இறங்கும்போதும் காவல் காக்க என்றே ஃபோக்கே-வுல்ஃப் 190 விமானங்களின் தனிக் குழு இருந்தது. கீழிருந்து பார்க்கும் சொந்தப் பீரங்கிக்காரர்கள் தவறிச் சுட்டுவிடாதபடி அவற்றின் வயிற்றில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் தீட்டியிருந்தார்கள்.

விளையாட்டில் இதற்கு வல்ச்சிங் என்று பெயர். பிணம் தின்னும் கழுகின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்த சொல். எதிரித் தளத்தின் மேலே வட்டமிட்டு, புறப்படுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் கொத்துவது. பொதுவாக இது விதிமீறல் ஆகாது. சில சர்வர்கள் தடுக்கின்றன. பல சர்வர்கள் தடைக்குப் பதிலாகத் தளத்தைச் சுற்றி விமான எதிர்ப்புப் பீரங்கிகளை நட்டுவைத்து, 'முடிந்தால் வா' என்கின்றன. பாராசூட்டில் தொங்குபவரைச் சுடுவதை மட்டும் பெரும்பாலான இடங்களில் கேவலமாகவே பார்ப்பார்கள், விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

புதியவருக்கு இதிலிருந்து ஒரு பழக்கம் வேண்டும். சண்டை முடிந்து திரும்பும்போது நேராகத் தளத்துக்குப் போகாமல், உயரத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே பாருங்கள். தளத்தில் புகை எழுகிறதா? பீரங்கிகள் சுடுகின்றனவா? அப்படியென்றால் அடுத்த தளத்துக்குப் போங்கள். எந்த நட்புத் தளத்தில் இறங்கினாலும் பொதுவாகக் கணக்கில் சேரும். புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டியதில்லை. இதை அறியாமல் எரிந்துகொண்டிருக்கும் தளத்தில் பிடிவாதமாக இறங்கிச் செத்தவர்களின் பட்டியல் நீளமானது.

சரி, எப்படி இறக்குவது?

விதி தெரிந்தாலும் கை கேட்க வேண்டுமே. இங்கே பாதிப் பேர் தடுக்கி விழுவது ஒரே காரணத்தால்: அதிக வேகம்.

விமானம் காற்றில் நிற்கக் குறைந்தபட்சம் ஒரு வேகம் வேண்டும். அதற்குக் கீழே போனால் இறக்கை தூக்குவதை நிறுத்திவிடும், இதுதான் ஸ்டால். ஓடுபாதையை நெருங்கும்போது அந்த ஸ்டால் வேகத்தைப்போல் சுமார் 1.3 மடங்கு இருந்தால் போதும். பயத்தில் புதியவர்கள் கூடுதலாக வைத்துக்கொள்வார்கள். ஆனால் நகரும் பொருளின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. வேகம் 20 சதவீதம் அதிகமென்றால் பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் 44 சதவீதம் அதிகம். ஓடுபாதை முடிந்தும் ஓடிக்கொண்டே இருப்பீர்கள்; புல்வெளி, டிட்ச், கதை முடிந்தது.

இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்கப் போர் விமானமான பி-51 மஸ்டாங்கை எடுத்துக்கொள்வோம். அதன் சக்கரங்களை மணிக்கு 170 மைலுக்குக் கீழே வந்த பிறகுதான் நீட்ட வேண்டும், ஃபிளாப்பை முழுதாக விரிக்க 165க்குக் கீழே. நல்ல சிமுலேட்டர்கள் இதை மதிக்கும். அவசரப்பட்டு 250இல் நீட்டினால் கதவுகள் பிய்ந்து போகும், அல்லது ஒரு சக்கரம் மட்டும் நீண்டு நிற்கும். சுமார் 120 மைல் வேகத்தில், 3 டிகிரி சரிவில் வந்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 550 அடி இறங்குகிறீர்கள் என்று பொருள். மீட்டரில் அந்த எண் 1,000ஐத் தாண்டியிருந்தால் ஏதோ சரியில்லை. ஓடுபாதையின் விளிம்பு கடந்ததும் இன்ஜின் விசையைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலைக் குறைத்து மூக்கை மெல்ல உயர்த்தி, விமானம் தானாகவே களைத்து உட்காரும்வரை பொறுக்க வேண்டும். அதைத் தரையில் அழுத்தக் கூடாது. அழுத்தினால் பந்து போலத் துள்ளும். துள்ளினால் காப்பாற்ற முயலாமல் த்ராட்டிலை முன்னே தள்ளி, ஒரு சுற்று வந்து மறுபடியும் முயலுங்கள். எத்தனை முறை முயன்றீர்கள் என்று எந்தப் பட்டியலும் எழுதுவதில்லை.

தரை தொட்ட பிறகுதான் பழைய விமானங்களின் குணம் தெரியும். இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் போர் விமானங்கள் பலவற்றுக்கு மூன்றாவது சக்கரம் வாலில் இருக்கும். எடையின் மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் விழுவதால், விமானம் சற்றே கோணினாலும் வால் முன்னே வரப் பார்க்கும். பின்னாலிருந்து தள்ளும் கைவண்டி பக்கவாட்டில் திரும்பிவிடுமே, அது போல. ஒரே நொடியில் தட்டாமாலை சுற்றி இறக்கை தரையில் உரசும். மெஸ்ஸர்ஷ்மிட் 109க்கும் ஸ்பிட்ஃபயருக்கும் சக்கரங்கள் நெருக்கமாக அமைந்திருப்பதால் இது இன்னும் மோசம். தீர்வு, மூக்கை இடமும் வலமும் திருப்பும் ரட்டர் மிதியில் சின்னச் சின்னத் தட்டல்கள், அதோடு வால்சக்கரத்தைப் பூட்டுவது. மஸ்டாங்கில் இதற்குத் தனிப் பூட்டு தேடி அலைய வேண்டாம்: கட்டுப்பாட்டுக் கோலைப் பின்னால் இழுத்துப் பிடித்திருந்தால் வால்சக்கரம் பூட்டிக்கொள்ளும், ரட்டர் மிதியால் இரு பக்கமும் 6 டிகிரி மட்டும் திரும்பும். கோலை முழுதாக முன்னே தள்ளினால் விடுபடும். இது தெரியாமல் நான் வாரக்கணக்கில் ஓடுபாதையில் கோலம் போட்டிருக்கிறேன்.

அடிபட்ட விமானம் என்றால் இறங்குவதற்கு முன்னால், உயரம் இருக்கும்போதே, சக்கரத்தையும் ஃபிளாப்பையும் ஒருமுறை நீட்டிப் பாருங்கள். ஒரு பக்க ஃபிளாப் மட்டும் விரிந்தால் விமானம் உருளும். அதை 3,000 அடியில் கண்டுகொள்வது வேறு, 100 அடியில் கண்டுகொள்வது வேறு.

கப்பல் மேல் மதிப்பெண்

இதுவரை சொன்ன முறைகளில் எல்லாம் கேள்வி 'இறங்கினாயா, இல்லையா' என்பதோடு முடிந்துவிடும். விமானந்தாங்கிக் கப்பலில் மட்டும் எப்படி இறங்கினாய் என்பதற்கே மதிப்பெண் உண்டு. 2020இல் டிசிஎஸ் வேர்ல்டுக்கு வந்த சூப்பர்கேரியர் தொகுப்பு, அமெரிக்கக் கடற்படையின் உண்மையான நடைமுறையை அப்படியே கொண்டுவந்தது. கப்பலின் மேல்தளத்தில் பின்புறம் நிற்கும் சமிக்ஞை அதிகாரி, ஒவ்வொரு இறக்கத்தையும் கடைசி விநாடிகளில் பார்த்து எடை போடுவார்.

அந்த அளவுகோல் இப்படி: குறை சொல்ல எதுவுமே இல்லாத அபூர்வ இறக்கத்துக்கு 5. நல்ல இறக்கத்துக்கு 4, இதற்குப் பெயர் வெறும் 'ஓகே'. ஓரளவு தள்ளாடிச் சமாளித்தால் 3. தளத்தைத் தொட்டும், விமானத்தின் வாலடியில் உள்ள கொக்கி, அதைப் பிடித்து நிறுத்தத் தளத்தின் குறுக்கே கட்டிய எந்தக் கம்பியிலும் சிக்காமல் மீண்டும் பறந்துபோனால், அதாவது போல்ட்டர் ஆனால், 2.5. பாதுகாப்பாக முடிந்தாலும் அழகாக இல்லாததற்கு 2. 'வேண்டாம், விலகிப் போ' என்று அதிகாரி விரட்டினால் 1. விரட்டியும் கேட்காமலோ வேறு விதத்திலோ ஆபத்தாக இறங்கினால் சுழி.

போல்ட்டருக்கு 2.5, கம்பியில் சிக்கி நின்ற அவலட்சண இறக்கத்துக்கு 2. முதல் பார்வையில் இது தலைகீழாகத் தோன்றும். இறங்காதவனுக்கு எப்படி அதிகம்? சரியான பாதையில் வந்து கடைசியில் கம்பியைத் தவறவிட்டவன் அடுத்த சுற்றில் இறங்கிவிடுவான். தாறுமாறாக வந்து எப்படியோ சிக்கிக்கொண்டவன் அடுத்த முறை கப்பலின் பின்சுவரில் மோதலாம். அளவுகோல் தண்டிப்பது அந்த அடுத்த முறையை. புல்வெளியில் எனக்கு வந்த கோபம் இதைப் படித்தபோதுதான் அடங்கியது.

நான்கு கம்பிகள் கொண்ட கப்பல்களில் மூன்றாவது கம்பியே இலக்கு. முதல் கம்பியில் சிக்கினால் தாழ்வாக வந்தீர்கள் என்று பொருள். நிலத்தில் செய்வதுபோல் கடைசியில் மூக்கை உயர்த்தி மெத்தென்று உட்கார முயலக் கூடாது. சுமார் மூன்றரை டிகிரி சரிவில் வந்த வேகத்திலேயே தளத்தில் அறைய வேண்டும். சக்கரம் தொட்ட கணத்தில் த்ராட்டிலை முழுதாக முன்னே தள்ள வேண்டும். நிற்கப் போகிற நேரத்தில் முடுக்குவதா என்று மனம் மறுக்கும். கொக்கி சிக்காவிட்டால் மறுபடியும் பறக்க அந்த விசை ஒன்றுதான் துணை.

இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் போர் விமானமான எஃப்4யு கோர்சேரில் கப்பலில் இறங்க நினைப்பவருக்கு ஒரு துணுக்கு. அதன் மூக்கு நீளமென்பதால் நேராக வந்தால் கப்பலே தெரியாது. பிரிட்டிஷ் கடற்படை விமானிகள் கடைசிவரை வளைந்தே வந்து, தளத்தைப் பக்கவாட்டில் கண்ணில் வைத்திருந்தார்கள். வேகம் குறையும்போது இடது இறக்கை பொசுக்கென்று விழும் குணத்தைச் சமாளிக்க, வலது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சிறு பட்டை ஒட்டப்பட்டது. சிமுலேட்டரிலும் அந்த வளைவுப் பாதை வேலை செய்கிறது.

இவ்வளவு புள்ளிக் கணக்கும் நல்லதையே செய்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். பட்டியலில் மேலே இருக்கும் சிலரின் பறப்பைப் பார்த்தால் அலுப்பாக இருக்கும். 20,000 அடியில் வட்டமிட்டு, கவனிக்காத ஒருவர் மீது பாய்ந்து, ஒரே ஒரு வெற்றியோடு வீட்டுக்கு ஓடிவிடுவார்கள். எண் அழகாக இருக்கும், சண்டை இருக்காது. மாறாக, அணியின் குண்டுவீச்சு விமானங்களைக் காக்க நின்று, இரண்டு பேரை வீழ்த்தி, தானும் விழுந்தவருக்குப் பட்டியலில் இடமே இருக்காது. பழகும் முதல் சில மாதங்களில் பட்டியலைப் பார்க்காமல் இருப்பதே உத்தமம். பறப்பு முடிந்ததும் வரும் அந்த ஒற்றை வரியை மட்டும் பாருங்கள்: இறங்கினாரா, டிட்சா, சிறையா, சாவா. 'இறங்கினார்' என்ற வரி பத்துப் பறப்பில் நான்கு முறை வந்தால் புதியவருக்கு அது நல்ல கணக்கு என்பேன்.

அந்த வரியைக் கெடுக்கும் கடைசித் தவறு ஒன்று பாக்கி. ஓடுபாதையில் விமானம் உருண்டுகொண்டிருக்கும்போதே, முடிந்துவிட்டது என்ற நிம்மதியில், வெளியேறும் பொத்தானை அழுத்துவது. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் இருந்தாலும் பல விளையாட்டுகளில் அது நகரும் விமானம்தான், நகரும் விமானத்திலிருந்து வெளியேறியவர் குதித்தவர்தான். பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள். வேகமானி சுழியில் நிற்கட்டும். இன்ஜினை அணைத்துவிடுங்கள். வெளிப்புறக் காட்சிக்கு மாறி, சக்கரங்கள் மூன்றும் ஓடுபாதையின் மேல்தான் நிற்கின்றனவா என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். இல்லையென்றால் இன்ஜினை மறுபடி இயக்கி, மெல்ல உருட்டிக்கொண்டு போய் ஓடுபாதையில் ஏறி நின்றுகொள்ளலாம். அன்று புல்வெளியில் எனக்கும் அதற்குத் தேவையான எரிபொருள் இருந்தது.